நல்ல ஹெட்போன் விற்கிற கம்பெனி நல்ல ஃபோனும் விற்றுவிடுமா?

கேள்வி இது: ஹெட்போன், ஸ்பீக்கர், ஸ்மார்ட்வாட்ச் என்று தொட்டதெல்லாம் விற்கிற ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அடுத்து மொபைல் ஃபோனில் இறங்கினால் தேறுமா? கேட்டவர் பாதிப் பதிலையும் அவரே சொல்லிவிட்டார், "ஆப்பிளும் ஐபாட் விற்றுக்கொண்டிருந்த கம்பெனிதானே, அவர்களுக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது?" என்று.

நான் 2008 முதல் 2017 வரை மதுரையில் மொபைல் டிஸ்ட்ரிபியூஷன் பார்த்தவன். இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம். புதிதாக ஃபோனில் இறங்கிய கம்பெனிகள் வந்த வேகத்தையும் பார்த்திருக்கிறேன், போன வேகத்தையும் பார்த்திருக்கிறேன், அதனால் பதிலில் கொஞ்சம் கசப்பு இருக்கும். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வோம். ஃபோனைக் கொண்டுவருவது இன்றைக்குப் பெரிய வித்தையே இல்லை. சீனாவில் ஹுவாச்சின், லாங்சியர் மாதிரி கம்பெனிகள் வடிவமைப்பில் தொடங்கி பெட்டியில் போட்டு ஒட்டுவது வரை எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறார்கள். பெரிய பெரிய பிராண்டுகளின் குறைந்த விலை மாடல்களே பல அங்கிருந்துதான் வருகின்றன. இந்தியாவிலேயே டிக்ஸன் போன்றவர்கள் அசெம்பிள் செய்து தருகிறார்கள். சிப் மீடியாடெக்கிடமோ குவால்காமிடமோ கிடைக்கும், ஆண்ட்ராய்டு இருக்கவே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிற மாதிரிதான்: ஆல்பத்தைப் புரட்டி ஒரு மாடலைக் காட்டி, "இதுவே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றிப் போடுங்கள், கலர் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்" என்றால் வேலை முடிந்தது. பின்பக்க மூடி, கேமரா வளையம், ஆன் செய்யும்போது வருகிற லோகோ, இவ்வளவுதான் உங்களுடையது.

அதனால் "செய்ய முடியுமா" என்பதில் சந்தேகம் இல்லை. முதல் மாடல் வந்து மூன்று வருடம் கழித்து அந்தக் கம்பெனி இன்னும் ஃபோன் விற்றுக்கொண்டிருக்குமா, முதல் மாடலை வாங்கியவனுக்கு டிஸ்ப்ளே மாற்றிக் கொடுக்க ஆள் இருக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இப்போது ஆப்பிள் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் இந்த உதாரணத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், வந்து தலைகீழாகப் படிக்கிறார்கள்.

2006 நிதியாண்டில் ஆப்பிள் விற்ற ஐபாட்கள் 3.9 கோடிக்கும் மேல். கம்பெனியின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கொடிகட்டிப் பறந்த காலம். உள்ளே ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கவலை: ஃபோனில் கேமரா வந்ததும் டிஜிட்டல் கேமரா வியாபாரம் அடிவாங்கத் தொடங்கியிருந்தது, நாளைக்கு எவனாவது ஃபோனில் ஒழுங்காகப் பாட்டு கேட்க வைத்துவிட்டால் தனியாக ஒரு பாட்டுப் பெட்டியை யார் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள்? அவர்கள் ஃபோனுக்குப் போனது "நமக்கு எல்லாம் வருகிறது, இதையும் செய்வோம்" என்ற தெம்பில் அல்ல. சோற்றில் கைவைக்க ஒருவன் வருகிறான் என்று தெரிந்து போனார்கள்.

அப்படிப் போனவர்களும் முதலில் சொந்தமாகச் செய்யவில்லை. மோட்டரோலாவோடு சேர்ந்து 2005 செப்டம்பர் 7-ஆம் தேதி ராக்கர் இ1 என்று ஒரு ஃபோன் வந்தது, ஐட்யூன்ஸ் உள்ளே வைத்து. மெமரி கார்டில் இடம் இருந்தாலும் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது, அப்படிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏறுவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். மேடையில் ஜாப்ஸே அழைப்பை முடித்துவிட்டுப் பாட்டுக்குத் திரும்பப் பார்த்தபோது தவறான பட்டனை அழுத்தி, பாட்டு வராமல் நின்றார். அதே மேடையில் அன்றைக்கே ஐபாட் நானோவையும் காட்டினார் என்பதால் ராக்கரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தவன் ஃபோனில் உங்கள் பெயரை ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, அதுவும் படித்தது ஆப்பிள்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது. ஐபாட் விற்ற கம்பெனி என்று நாம் சொல்கிறோம், ஆனால் ஃபோனைச் செய்தது ஐபாட் கம்பெனி அல்ல, உள்ளே இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி. மேக் கம்ப்யூட்டருக்கான சொந்த இயங்குதளம் கையில் இருந்தது, அதைச் சுருக்கித்தான் ஐஃபோனுக்குள் வைத்தார்கள். ஐபாடின் மென்பொருளைப் பெரிதாக்கி, அந்தச் சக்கரத்தையே டயலாக வைத்து ஒரு ஃபோன் செய்யலாமா என்று ஒரு கோஷ்டி உள்ளேயே முயன்று பார்த்தது, சரிவரவில்லை. 2001 முதல் சொந்தக் கடைகள். 2003 முதல் ஐட்யூன்ஸ் ஸ்டோர், அதில் கிரெடிட் கார்டு நம்பரோடு பதிவான வாடிக்கையாளர்கள். விரலால் தொட்டு இயக்கும் நுட்பத்துக்காக ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சின்னக் கம்பெனியை 2005-ல் வாங்கியிருந்தார்கள். ஹெட்போனும் வாட்ச்சும் விற்கிற கம்பெனியிடம் இதில் எது இருக்கிறது? விளம்பரத்தில் வருகிற கிரிக்கெட் வீரர் இருக்கிறார்.

இவ்வளவும் இருந்து, 2007 ஜனவரி 9-ல் காட்டி ஜூன் 29-ல் விற்பனைக்கு வந்த அந்த முதல் ஐஃபோனில் 3ஜி கிடையாது, காப்பி-பேஸ்ட் கிடையாது, எம்.எம்.எஸ். கிடையாது, வெளியாட்களின் ஆப் எதையும் போட முடியாது. விற்பனைக்கு வர இரண்டு வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போதுதான் திரை பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி என்று அறிவித்தார்கள். 599 டாலருக்கு வந்த மாடலை பத்து வாரத்தில் 399 ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கூச்சல் போட்டதும் 100 டாலருக்குக் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தார்கள். பத்து வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக் குறைப்பு! இதையே வேறு கம்பெனி செய்திருந்தால் டீலர்கள் ஷட்டரை இறக்கியிருப்பார்கள். ஆப்பிளுக்கு டீலர் தொல்லை பெரிதாக இல்லை, ஏனென்றால் சொந்தக் கடையும் ஒரே ஒரு நெட்வொர்க் கம்பெனியும்தான் விற்றன. அமெரிக்க நெட்வொர்க் கம்பெனிகளில் வெரைஸன் ஒத்துவராமல் சிங்குலரோடு போட்ட ஒப்பந்தத்தில், ஃபோனின் மேல் சிங்குலரின் பெயரைப் போடக்கூடாது என்பது வரை ஆப்பிள் சாதித்துக்கொண்டது. அன்றைய அமெரிக்காவில் நெட்வொர்க் கம்பெனிகள் ஃபோன் செய்கிறவர்களை வேலைக்காரர்கள் மாதிரி நடத்திய காலம் அது.

நம் பக்கத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? ஐஃபோன் 3ஜி 2008 ஆகஸ்ட் 22-ல் ஏர்டெல், வோடஃபோன் வழியாக வந்தது, விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்று ஊரெல்லாம் படித்திருந்தார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்ததை வந்து பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நோக்கியாவை வாங்கிக்கொண்டு போனார்கள். உலகத்தையே மாற்றிய ஃபோனும் வழி சரியில்லை என்றால் கண்ணாடிப் பெட்டியில் காட்சிப் பொருளாகத்தான் நிற்கும்.

சரி, ஆப்பிள் ஒரு அபூர்வம் என்று தள்ளிவிடலாம். அதே நேரத்தில் அதே பயத்தோடு இறங்கிய இன்னொரு கம்பெனியை யாரும் பேசுவதில்லை, எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும்: கார்மின். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒலேத்தா என்ற ஊரிலிருந்து நடக்கும் ஜி.பி.எஸ். கம்பெனி. காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்து வழி கேட்கிற கருவிகளை விற்று நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனில் மேப் வந்துவிட்டால் நம் கதி என்ன என்று அவர்களுக்கும் புரிந்தது. 2008 ஜனவரியில், ஐஃபோன் வந்து ஏழாவது மாதத்திலேயே, நூவிஃபோன் என்று ஒன்றை அறிவித்தார்கள். அந்த வருடமே வரும் என்றார்கள். வரவில்லை. 2009 தொடக்கத்தில் தைவானின் கம்ப்யூட்டர் கம்பெனியான ஆசுஸோடு கூட்டுச் சேர்ந்தார்கள். கடைசியில் 2009 அக்டோபரில்தான் அமெரிக்க நெட்வொர்க் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யின் கடைகளுக்கு நூவிஃபோன் ஜி60 என்ற மாடல் வந்தது, ஒப்பந்தத்தோடு 299 டாலர். வழி காட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அதே அக்டோபர் கடைசியில் கூகுள், ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு வழிகாட்டும் மேப்பை இலவசம் என்று அறிவித்தது. ஒரே நாளில் கார்மின் பங்கு 16 சதவீதம் போல விழுந்தது. 2010 முடிவதற்குள் ஆசுஸோடு இருந்த கூட்டும் முடிந்தது.

கார்மின் எங்கே தவறியது? பொருள் மோசமில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு அருமையான வேலை, வழி காட்டுவது. ஃபோன் என்பது ஆயிரம் வேலை. அந்த ஆயிரத்தையும் சுமக்க ஒரு இயங்குதளம் வேண்டும், அதைச் சொந்தமாகச் செய்யப் போய்த்தான் தாமதமானது. வந்து சேர்ந்தபோது, அவர்களுடைய அந்த ஒரு வேலையை இன்னொருவன் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் பாருங்கள், அவர்கள் அழிந்துபோகவில்லை. ஃபோனை விட்டுவிட்டு ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரம், விமானம், படகு என்று ஃபோன் போகாத இடங்களாகப் பார்த்துப் போனார்கள். 2008-ல் சுமார் 350 கோடி டாலராக இருந்த வருமானம் 2024-ல் 630 கோடி டாலர். ஃபோனை மூன்றே வருடத்தில் கைவிட்டதுதான் அவர்கள் எடுத்த நல்ல முடிவு என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு வாட்ச் விற்கிற கம்பெனியின் முதலாளி என்னிடம் யோசனை கேட்டால் (கேட்க மாட்டார்) முதலில் கார்மினைப் படித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

அமேசானும் இப்படித்தான் 2014 ஜூலையில் ஃபயர் ஃபோன் என்று இறக்கியது. முன்பக்கம் முகத்தைக் கவனிப்பதற்கென்றே நாலு கேமரா, தலையை ஆட்டினால் படம் ஆடும். கூகுளின் ஆப்கள் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு வந்தது செப்டம்பரில் 99 சென்ட் ஆனது, அக்டோபரில் 17 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினார்கள். அமேசானுக்கு அது தாங்கும். ஹெட்போன் கம்பெனிக்குத் தாங்குமா?

எல்.ஜி.யைப் பற்றி நீட்டவில்லை. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் முன்னணி, திரையும் கேமராவும் பேட்டரியும் சொந்தக் குழுமத்துக்குள்ளேயே தயார் ஆகும், 2013-ல் ஸ்மார்ட்ஃபோனில் உலகில் மூன்றாவது இடம் வரை போனார்கள். தொடர்ந்து 23 காலாண்டு நஷ்டம் பார்த்துவிட்டு 2021 ஏப்ரல் 5-ல் கடையை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியிடம் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று நீங்கள் பட்டியல் போட்டாலும் அதெல்லாம் அவர்களிடம் இருந்தது.

இப்போது ஹெட்போனுக்கும் ஃபோனுக்கும் என்ன அப்படி வித்தியாசம் என்று பார்ப்போம். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத முக்கியமான ஒன்று, ரேடியோ. ப்ளூடூத் சிப் என்பது பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரே ஒரு ஆளோடு பேசுகிற சாதனம். ஃபோனின் மோடம் ஓடுகிற பஸ்ஸில் டவர் விட்டு டவர் தாவ வேண்டும், 2ஜி, 4ஜி, 5ஜி எல்லாம் தெரிய வேண்டும், ஒவ்வொரு நாட்டின் அலைவரிசையிலும் ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் அழைப்பு அறுந்துபோகாமல் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். இது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரே கணக்கு போதும்: 2007-ல் ஃபோன் விற்கத் தொடங்கிய ஆப்பிள், 2019-ல் இன்டெலின் மோடம் பிரிவையே 100 கோடி டாலருக்கு வாங்கி, சொந்த மோடத்தை முதன்முதலாக ஒரு ஃபோனில் போட்டது 2025 பிப்ரவரியில், ஐஃபோன் 16இ மாடலில். 18 வருடம். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத கம்பெனிக்கு.

சொந்த மோடம் எதற்கு, குவால்காமிடம் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் சிப்புக்குக் காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள், காப்புரிமைக்குத் தனிக் காசு. குவால்காம் வெளியிட்ட விகிதப்படி 5ஜி ஃபோனுக்கு, அத்தியாவசியக் காப்புரிமைகளுக்கு (அவை இல்லாமல் ஃபோனே செய்ய முடியாது) மட்டும், 3.25 சதவீதம்; சிப்பின் விலையில் அல்ல, முழு ஃபோனின் விலையில், 400 டாலர் உச்சவரம்பு வரை. நல்ல கண்ணாடி போட்டு, நல்ல கேமரா போட்டு விலையை ஏற்றினால் அந்தக் கண்ணாடிக்கும் கேமராவுக்கும் சேர்த்து அவர்களுக்குப் பங்கு. காப்புரிமை வைத்திருக்கிற எரிக்ஸன், நோக்கியா எல்லாரும் தனித்தனியாகக் காசு கேட்டு வருவார்கள். கொடுக்காமல் தட்டிக்கழிக்கலாம் என்றால் மைக்ரோமாக்ஸைக் கேளுங்கள், எரிக்ஸன் 2013-ல் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஷாவ்மி இந்தியாவுக்கு வந்த அதே வருடம், 2014 டிசம்பரில், எரிக்ஸன் போட்ட வழக்கில் விற்பனைக்கே தடை வாங்கி, அப்புறம் குவால்காம் சிப் உள்ள ஃபோன்களை மட்டும் ஒரு ஃபோனுக்கு 100 ரூபாய் வீதம் நீதிமன்றத்தில் கட்டி விற்கலாம் என்று அனுமதி பெற்றது. 7,000 ரூபாய் ஃபோனில் 100 ரூபாய் என்றால் இந்தத் தொழிலில் சின்னத் தொகை இல்லை. சில்லறைக் கடைக்காரர் அந்த நூறுக்காக என்னோடு அரைமணி நேரம் சண்டை போடுவார்.

அப்புறம் சர்வீஸ். ஹெட்போன் கெட்டுப்போனால் வாரண்டிக்குள் புதிதை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பழையதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஃபோனில் அது நடக்காது. உள்ளே அவன் குழந்தையின் பிறந்தநாள் படம் இருக்கிறது, பேங்க் ஓ.டி.பி. அதில்தான் வருகிறது, அவனுக்கு அந்த ஃபோனே வேண்டும், இன்று மாலைக்குள் வேண்டும். அதற்கு ஊருக்கு ஊர் சென்டர், சென்டருக்குச் சென்டர் போர்டும் பேட்டரியும் காம்போவும் (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது, எங்கள் பாஷையில் காம்போ) ஸ்டாக் இருக்க வேண்டும். ஐந்து மாடல் விட்டால் ஐந்து காம்போ. ஒவ்வொன்றையும் குறைந்தபட்ச எண்ணிக்கையில்தான் தொழிற்சாலை கொடுக்கும், மாடல் விற்காமல் போனால் அந்தக் காம்போவைத் தூக்கிப்போட வேண்டியதுதான், வேறு எதற்கும் பொருந்தாது. என் கோடவுனில் அப்படி மூன்று அலமாரி இருக்கிறது.

இந்தியாவில் இது ஏற்கனவே ஒருமுறை நடந்து முடிந்த கதைதான். 2008-க்குப் பிறகு சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று எந்தக் கடையிலும் புதிது புதிதாக இந்தியப் பெயர்கள். மைக்ரோமாக்ஸ் ஒரு தடவை சார்ஜ் போட்டால் 30 நாள் நிற்கும் என்று ஒரு ஃபோனோடு வந்தது, கரண்ட் இல்லாத கிராமங்களில் அது பறந்தது. டிவிக் கம்பெனிகளுக்குக் கை அரித்தது. வீடியோகான் 2009 கடைசியில் ஃபோனோடு வந்தது. ஒனிடாவும் வந்தது. வீடியோகான் ஒருபடி மேலே போய் நெட்வொர்க்கையே தொடங்கியது; 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 2ஜி உரிமங்களை ரத்து செய்தபோது அதில் அவர்களுடையதும் போயிற்று. மறுபடி ஏலத்தில் எடுத்த அலைவரிசையை 2016-ல் ஏர்டெலுக்கு விற்றார்கள், 2018-ல் தாய்க் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குள் போனது. ஃபோன் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எண்ணெய் வயலிலிருந்து டி.டி.எச். வரை அவர்கள் விரித்த கடை ரொம்பப் பெரிது. ஆனால் டிவியில் பேர் வாங்கிய கம்பெனிக்கு ஃபோனில் அந்தப் பேர் ஒரு பைசாவுக்கு உதவவில்லை என்பதைக் கவுன்டரில் நின்று பார்த்தவன் நான். டிவியை அப்பா வாங்குகிறார், பத்து வருடத்துக்கு ஒருமுறை. ஃபோனைப் பையன் வாங்குகிறான், அப்பா வாங்கின கம்பெனி என்பதே அவனுக்குப் போதும், வேண்டாம் என்று சொல்ல.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேலே பெயர் சொன்ன யாரும் இல்லை, வேறொரு வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி, பெயர் வேண்டாம். மிக்ஸி, ஃபேன் எல்லாம் நன்றாகப் போகும் கம்பெனி. 2015-ல் ஃபோனில் இறங்கினார்கள், எனக்கு நாலு மாவட்ட டிஸ்ட்ரிபியூஷன். ஹோட்டலில் டீலர் மீட், பிரியாணி, ஆளுக்கு ஒரு டிராலி பேக். மார்ஜின் மற்றவர்களைவிட இரண்டு சதவீதம் கூட. விற்பனை மேலாளர் நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு ஃபேன் வியாபாரம்தான் தெரியும். ஃபேனில் ஏப்ரலுக்கு முன்னால் ஸ்டாக்கை ஏற்றிவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். விற்காதது அடுத்த வருடம் அதே விலைக்குப் போகும். அதே கணக்கில் 2016 தீபாவளிக்கென்று என் கோடவுனில் 1,400 ஃபோன் இறக்கினார். எல்லாம் 3ஜி.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. 4ஜி இல்லாத ஃபோனில் அந்த சிம் வேலையே செய்யாது. சிம் சும்மா கிடைக்கிறது, டேட்டா சும்மா கிடைக்கிறது, கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து "அண்ணே, ஜியோ போகுமா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டான். போகாது. பெட்டி கீழே. கம்பெனிக்கு போன் போட்டால், விலையைக் குறையுங்கள், வித்தியாசத்தை கிரெடிட் நோட்டாக (கணக்கில் வரவு வைப்பது) தருகிறோம் என்றார்கள். நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம், கடையில் காசே புழங்கவில்லை. கிரெடிட் நோட் பாதி வந்தது. மறு வருடம் ஃபோன் பிரிவையே மூடிவிட்டு ஃபேன் விற்கப் போய்விட்டார்கள், இன்றும் நன்றாகத்தான் விற்கிறார்கள். 1,400-ல் கடைசி முந்நூறு சொச்சம் ஃபோனை எடை போடுகிற விலைக்கு ஒரு வியாபாரிக்குக் கொடுத்தேன். அந்த மேலாளர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஃபோன் தக்காளி மாதிரி என்பது அவருக்குத் தெரியவில்லை, அவர் அரிசி விற்றுப் பழகியவர்.

அன்றைக்கு விழுந்தது என் கம்பெனி மட்டும் இல்லை. இந்திய பிராண்டுகள் முக்கால்வாசி 3ஜி சரக்கோடு மாட்டிக்கொண்டன, அதே நேரம் ஷாவ்மி, ஓப்போ, விவோ 4ஜியோடு தயாராக நின்றன. ஓப்போவும் விவோவும் கடைக்கடையாகப் போர்டு மாட்டி, கவுன்டருக்கு ஒரு பிரமோட்டர் பையனை நிறுத்தி இடத்தைப் பிடித்தார்கள். அந்த இடம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, புதிதாக வருகிறவர் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

"நத்திங் என்கிற கம்பெனி மட்டும் எப்படி?" என்று அடுத்த கேள்வி வரும். 2021 ஜூலையில் இயர்பட்ஸ், ஒரு வருடம் கழித்து 2022 ஜூலையில் ஃபோன், இன்றும் நிற்கிறார்கள். உண்மை. இந்தியாவில் விற்ற முதல் ஃபோனே தமிழ்நாட்டில்தான் தயாரானது. ஆனால் அதை இயர்பட்ஸ் கம்பெனி ஃபோனுக்குப் போன கதையாகப் படிக்காதீர்கள். தொடங்கிய கார்ல் பேய், ஒன்பிளஸை 2013-ல் சேர்ந்து நிறுவி ஏழு வருடம் ஃபோனே விற்றவர். ஃபோன்காரர் ஒருவர், ஃபோனுக்கு முன்னால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தொழிற்சாலை, சரக்கு, கடை எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்க இயர்பட்ஸைப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். பின்பக்கம் விளக்கு எரிகிற அந்த வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும், முதல் இரண்டு வருடம் வருடத்துக்கு ஒரு மாடலோடு நிறுத்திக்கொண்டது, அமெரிக்கச் சந்தைக்கு முதலில் முட்டி மோதாதது, இதெல்லாம் அடி வாங்கியவன் எடுக்கிற முடிவு. ஃபோனிலிருந்து மற்றதற்குப் போவது எப்போதுமே சுலபம், ஷாவ்மி டிவியில் என்ன செய்தது என்று பார்த்தீர்களே. எதிர்த்திசையில் ஏறுவதுதான் முட்டுகிறது.

ஆக கேட்டவருக்கு என் நேரடிப் பதில்: அந்தக் கம்பெனியின் தற்போதைய பொருளை ஃபோன் தின்றுகொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹெட்போனையும் வாட்ச்சையும் ஃபோன் தின்னவில்லை, ஃபோன் விற்க விற்க அவையும் விற்கின்றன. வயிறு காயாதவன் எதற்கு இந்தப் பந்தியில் இடம் தேடுகிறான்? பங்குச் சந்தைக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், உற்பத்தி ஊக்கத்தொகை இருக்கிறது, போட்டிக்காரன் செய்கிறான் என்பதெல்லாம் காரணமாக இருந்தால் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். அப்படி இல்லாமல், முதியவர்களுக்கான ஃபோன், கூரியர்காரர், கிடங்கு வேலைக்காரர் கீழே போட்டாலும் உடையாத ஃபோன் என்று பெரியவர்கள் கவனிக்காத ஒரு மூலையைப் பிடித்து, ஒரே ஒரு மாடலை நாலு வருடம் பராமரிக்கத் தயாராக இருந்தால் நான் கொஞ்சம் நம்புவேன். அதற்கும் உள்ளே ஃபோனில் கை சுட்டவர் ஒருவராவது இருக்க வேண்டும், ஃபேன் மேலாளரைப் பதவி உயர்த்தி அனுப்பினால் ஆகாது.

வாங்குகிறவராகக் கேட்டால் பதில் இன்னும் சுருக்கம். முதல் மாடலை வாங்காதீர்கள். இரண்டாவது மாடல் வரட்டும், வந்த அன்றைக்கு சர்வீஸ் சென்டருக்குப் போய், முதல் மாடலின் காம்போ என்ன விலை, கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஆர்டர் போட்டால் பதினைந்து நாளில் வரும் சார்" என்று சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.